ஈர விறகும் மானியக் கணக்கும்

சென்னையில் குளிருக்கு அஞ்சி வீட்டைச் சூடாக்குபவர் யாரும் இல்லை. மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டியிலும் குன்னூரிலும் கணப்புக்காகச் சீகையும் தைலமரமும் வெட்டி அடுக்குகிறார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் விறகுக்கு வேறு வேலைகள் இருந்தன: சமையல், வெந்நீர், ஈமம். ஆகவே மேலை நாடுகளில் நடக்கும் விறகுச் சூட்டு மானிய விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் கேள்வி நம்முடையதும்தான். எரிபொருளுக்கு அரசு பணம் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது?

நான் பார்த்தவரை இந்த நகரத்தின் விவாதம் முழுவதும் விறகா, மண்ணெண்ணெயா, கேஸா என்பதிலேயே நின்றுவிட்டது. விறகு காய்ந்ததா, ஈரமா என்று யாரும் கேட்கவில்லை. எரிகிற இடத்தில் இருப்பவர் கண்ணில் நீர் வழிவது அந்தக் கேட்கப்படாத கேள்வியால்தான்.

முதலில் விறகு வந்த வழியைப் பார்க்கலாம். இன்று திருமயிலை, மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையங்களின் தூண்களுக்கு அடியில் கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய் ஒரு காலத்தில் சென்னையின் அடுப்புகளுக்கு எரிபொருள் கொண்டுவந்த நீர்ச்சாலை. வடக்கே எண்ணூர் வரையிலான பகுதி 1806 வாக்கிலேயே ஓடத் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே பின்னர் முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு பழவேற்காடு வழியாகப் படகுகளில் வந்து இறங்கியது. உப்பும் கிளிஞ்சலும் அதே படகுகளில் வந்தன. ராக்கெட் ஏவும் தீவு என்று இன்று நாம் அறியும் நிலம் சென்னைக்கு விறகுக் காடாக இருந்தது.

ரயில் வந்ததும் பசி பெருகியது. தொடக்கத்தில் எஞ்சின்கள் விறகையும் தின்றன. காடு தாங்காது என்று உணர்ந்த சென்னை மாகாண வனத்துறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளை வளர்த்தது. இன்றும் செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர்க் கடலோரங்களில் சவுக்கு விவசாயிகளின் நம்பகமான பயிர். வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளரும். 3 முதல் 5 ஆண்டில் வெட்டலாம். அடர்த்தியான கட்டை, நின்று எரியும், தணல் நீடிக்கும். எரிபொருள் மரங்களில் சவுக்கை மிஞ்சுவது கடினம். இன்னொன்று சீமைக் கருவேலம். 1870களில் மாகாண வன அதிகாரி பெட்டோம் கேட்டு வரவழைத்த விதை கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. பின்னர் அது பரவிய வேகம் எல்லோரும் அறிந்தது. அதை வேரோடு களைய 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. ராமநாதபுரத்தின் கரிமூட்டங்களும் நகரத்து விறகுக் கடைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கால்வாயில் வந்த கட்டைகள் விறகுத் தொட்டிகளில் இறங்கி, பிளக்கப்பட்டு, எடைபோட்டு வீடுகளுக்குப் போயின. பழைய மயிலாப்பூர் வீட்டில் ஒரே எரிபொருளுக்குப் பல அடுப்புகள் இருந்தன. பிரதான அடுப்பின் மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ளும் கொடியடுப்பு, காப்பிக்கும் பாலுக்கும் கரி போட்ட குமுட்டி, நடுவில் குழல் விட்டு இறுகத் திணித்த மரத்தூள் அடுப்பு, கொல்லைப்புறத்தில் தாமிர வெந்நீர் பாய்லர். அடுப்புக்கு மேலே பரண். மறுநாள் விறகு அங்கே இன்றைய சூட்டில் காய்ந்தது. காயவைக்கும் அறிவு வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. ஆனால் கண்ணெரிச்சலும் இருமலும் அந்த அமைப்போடு சேர்ந்தே வந்தன. அந்தச் சமையலறையைப் பொற்காலமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உலர்த்தலின் உள்ளே போகலாம்.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதில் ஒரு பங்கு மரக்குழல்களில் கட்டின்றி நிற்பது. அது எளிதில் போய்விடும். மீதி நார்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பது. உலர்ந்த எடைக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு என்ற அளவை எட்டியபின் அந்த இறுகிய நீர்தான் எஞ்சும். அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அப்போதுதான் கட்டை சுருங்கும், வெட்டுமுகத்தில் நட்சத்திரம்போல் வெடிப்பு விழும். மரத்துக்குள் நீர் நார் ஓடும் திசையில் விரைவாக ஓடுகிறது. குறுக்கே மிக மெதுவாக நகர்கிறது. பட்டை அதை மேலும் தடுக்கிறது. அதனால்தான் நீளமான முழுக்கட்டை ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கிறது. ஓரடி, ஒன்றரை அடியாக அறுத்து, பிளந்து போட்டது சில மாதங்களில் காய்ந்துவிடுகிறது. அறுப்பதும் பிளப்பதும் வெட்டிய உடனே நடக்கவேண்டும். காய்ந்தபின் பிளந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வெயில் காலம் வீணாகிவிடும். இறுகிய சவுக்கைப் பிளப்பதும் பாடாகிவிடும்.

உலர்த்துவதில் வெயிலைவிடக் காற்றுக்கே பங்கு அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வெயில் நீரை மேற்பரப்புக்கு அழைக்கிறது. அங்கிருந்து அதை எடுத்துச் செல்வது காற்று. குவியலாகக் கொட்டிய விறகின் நடுவில் காற்றே இல்லை. அங்கே பூஞ்சைதான் வளரும். இரண்டு செங்கல் உயரத்தில் தாங்கல் வைத்து, அதன்மேல் ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். தரையில் நேராக வைத்தால் சென்னை மண்ணில் கறையான் ஏறிவிடும். மேலே மட்டும் தகரமோ ஓலையோ போட்டு நான்கு பக்கமும் திறந்திருக்கவேண்டும். தார்ப்பாயால் முழுதும் போர்த்துவது பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல். உள்ளிருந்து எழும் ஈரம் பாயில் பட்டு மீண்டும் கட்டையிலேயே சொட்டுகிறது.

சென்னைக்கென்று ஒரு எல்லையும் உண்டு. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நிற்கும். அதற்குக் கீழே காயாது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் மரத்தில் 11 அல்லது 12 விழுக்காடு நீர் தங்கும். காற்று 85 விழுக்காட்டுக்கு ஏறினால் மரமும் 17, 18க்கு ஏறும். நன்றாகக் காய்ந்த விறகுகூட ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடிக்கிறது என்பதே இதன் பொருள். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் ஊர் இது. ஆகவே இங்கே விறகின் ஆண்டு மாசியில் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் பிளந்து அடுக்கினால் சித்திரை, வைகாசியின் வறண்ட மேல்காற்றும், பகலில் வரும் கடற்காற்றின் ஓட்டமும் வேலையைச் செய்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் கூரைக்குக் கீழே போய்விடவேண்டும். கோடை வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி இதற்கு அருமையான இடம். ஆனால் டன் கணக்கில் ஏற்றினால் தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஏற்றக்கூடாது. தீ அபாயத்தையும் மறக்கக்கூடாது.

காய்ந்ததை எப்படி அறிவது? இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாக ஒலிப்பது ஈரம், கணீரென்பது உலர்ந்தது. பட்டை கையோடு கழன்று வரும். இதெல்லாம் அனுபவக் கணக்கு. உறுதியான வழி எடை: அடுக்கின் நடுவிலிருந்து சில கட்டைகளில் குறி போட்டு வாராவாரம் எடை பார்த்து, குறைவது நின்றால் வேலை முடிந்தது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி இப்போது எளிதில் கிடைக்கிறது. அதைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாற்றும். புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்தவேண்டும்.

இதனால் என்ன லாபம் என்பதில் மிகைப்படுத்தல் நிறைய. கணக்காகவே பார்ப்போம். 45 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் விறகில் 550 கிலோ மரம், 450 கிலோ தண்ணீர். அது 15 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் எடை ஏறத்தாழ 650 கிலோவாகச் சுருங்கும். கிலோவுக்குக் கிடைக்கும் சூடு 9 மெகாஜூலிலிருந்து 15 மெகாஜூலுக்கு உயரும். கிலோ கணக்கில் இது பிரமாதமாகத் தெரிகிறது. அதே மரக்குவியலிலிருந்து கிடைக்கும் மொத்தச் சூட்டைப் பார்த்தால் கூடுதல் 10 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது; தண்ணீரை ஆவியாக்கச் செலவாவது அவ்வளவே. உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ஈர விறகில் சுடரின் வெப்பம் ஏறுவதே இல்லை. மரத்திலிருந்து எழும் வாயுக்கள் எரியாமல் புகையாக, தாராக, கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகின்றன. எரியவேண்டிய பொருள் சமைப்பவரின் நுரையீரலுக்குப் போகிறது. உலர்த்துவதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அது முதலில் உடல்நலம்.

சந்தையோ இதற்கு நேர் எதிராக இயங்குகிறது. விறகு எடைக்கு விற்கப்படுகிறது. ஒரு டன்னை வாங்கி ஆறு மாதம் அடுக்கிக் காயவைக்கும் கடைக்காரர் 350 கிலோவை இழக்கிறார். போட்ட முதலுக்கு வட்டி, இடத்துக்கு வாடகை, அடுக்கக் கூலி வேறு. மூன்று நாளில் பச்சையாக விற்றுத் தீர்ப்பவர் தண்ணீரையும் விறகு விலைக்கே விற்கிறார். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. விலை முறையே உலர்த்துபவரைத் தண்டிக்கிறது. ஈரம் பார்த்து விலை என்பது நமக்குப் புதிதல்ல. நெல் கொள்முதலில் ஈரப்பதம் பார்க்காமல் மூட்டை ஏறுவதில்லை. டெல்டா விவசாயிகள் ஆண்டுதோறும் போராடுவதே அந்த விழுக்காட்டை வைத்துத்தான். விறகுக்கு மட்டும் அப்படி ஒரு கணக்கு இல்லை.

மானியத்துக்கு வருவோம். சென்னை வீடுகளிலிருந்து விறகை முதலில் விரட்டியது ரேஷன் மண்ணெண்ணெய். திரி ஸ்டவ்வும் பம்ப் ஸ்டவ்வும் பல பத்தாண்டுகள் ஒண்டுக்குடித்தனங்களைத் தாங்கின. அந்த மானியத்தின் ஓட்டையும் பெரிது. மலிவு மண்ணெண்ணெய் டீசலில் கலப்படமாகப் போனது நாடறிந்த கதை. 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1இல்தான் வந்தது. அந்த 9 ஆண்டு முன்தொடக்கத்தின் பயன் கண்கூடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் நாடெங்கும் 58.6 விழுக்காடு, தமிழகத்தில் 80க்கு மேல்.

சிலிண்டர் மானியத்தின் கதை இதற்கு இணையாக வேறு திசையில் போனது. 2015 ஜனவரி முதல் மானியம் நாடு முழுவதும் வங்கிக் கணக்குக்கே வந்தது. வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுங்கள் என்ற வேண்டுகோள் அதே ஆண்டு. 2020 நடுவிலிருந்து பொது நுகர்வோருக்கு மானியம் நடைமுறையில் நின்றுபோனது. உஜ்வலா இணைப்புக்கு மட்டும் 2022இல் 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ரூபாய் என்று தொடர்ந்தது. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய் வரை போய், பின் இறங்கி, 2025 ஏப்ரலில் 868.50 ரூபாயில் நின்றது.

இந்த விலையை விறகோடு ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கிறது. தரமான கேஸ் அடுப்பு எரிபொருளின் சூட்டில் 68 விழுக்காட்டையாவது பாத்திரத்துக்குத் தரவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மூன்று கல் அடுப்பு தருவது 10 முதல் 15 விழுக்காடு. அப்படியானால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு நன்றாகக் காய்ந்த விறகே ஏறத்தாழ 250 கிலோ வேண்டும். கிலோ மூன்றரை ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் விறகு மலிவு. சென்னைக் கடையில் அந்த விலைக்கு நல்ல விறகு கிடைக்காது. மானியமே இல்லாவிட்டாலும், காசு கொடுத்து விறகு வாங்கி வீட்டில் சமைப்பது நகரத்தில் நட்டம். அப்படியிருந்தும் எரிப்பவர்கள் யார்? பொறுக்கி எடுத்த விறகுக்குக் காசு தராதவர்களும், சிலிண்டர் விலையை ஒரே நாளில் எண்ணிவைக்க முடியாதவர்களும்தான். மானியத்தின் அளவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மொத்தமாகக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றிப் பேசுவது குறைவு.

வணிக அடுப்பில் கணக்கு புரள்கிறது. கல்யாண மண்டபங்களின் கோட்டை அடுப்பு பெரிய அண்டாவை அணைத்துப் பிடிப்பதால் சூடு அவ்வளவு வீணாவதில்லை. வணிக சிலிண்டருக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, வீட்டு சிலிண்டருக்கு 5, விறகுக்குச் சுழியம். ஏழையின் சுள்ளியை வரிக்கு வெளியே வைத்தது நியாயம். ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிலோ எரிக்கும் சமையற்கூடமும் அதே விலக்கில் நுழைந்துவிடுகிறது. யாரும் மானியம் என்று அழைக்காத மானியம் இது. இதோடு சுவையும் சேர்கிறது. விறகடுப்பு பிரியாணி என்று பலகை வைத்தால் கூட்டம் வருகிறது. தணலில் தம் போட்ட சோற்றின் மணத்தை நானும் மறுக்கமாட்டேன். அந்த மணத்துக்காகப் புகையில் நிற்பவர் சாப்பிட வந்தவர் அல்லர், சமையல்காரரும் அவருடைய கையாளும்தான்.

வீட்டு அடுப்பில் விறகைச் சீராக்குவதா, விறகையே விலக்குவதா? இந்த வாதத்தில் உலகம் கேட்ட குரல்களில் சில சென்னையிலிருந்து எழுந்தவை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவும் அடுப்புப் புகையை ஆண்டுக்கணக்கில் அளந்துவருகிறார்கள். அவர்கள் பங்கேற்ற ஹேப்பின் என்ற ஆய்வு தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கிலும் நடந்தது. 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாத கேஸும் இலவசம். மற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம், கேஸ் பெற்றவர்களுக்கு 24தான். ஆனால் 2022இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கேஸ் மானியம் வீண் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தூய அடுப்பு புகையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததை அதே ஆய்வுதான் காட்டியது. கர்ப்பத்தின் நடுவில் தொடங்கிய மாற்றம் எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை என்பதே அதிலிருந்து பெறும் பாடம். மேம்பட்ட விறகடுப்புகளுக்காகப் பல காலம் உழைத்த கிர்க் ஸ்மித்தும் கடைசி ஆண்டுகளில் கேஸை ஏழைகளிடம் சேர்ப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார். 1980களில் தொடங்கி 2002இல் முடிந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கில் கட்டிய அடுப்புகளில் பல சில ஆண்டுகளில் உடைந்தோ கைவிடப்பட்டோ போயின. வீட்டைப் பொறுத்தவரை என் முடிவும் அதுவே. எவ்வளவு காய்ந்த விறகும் நாலு சுவருக்குள் கேஸுக்கு ஈடாகாது.

விறகுக்கே நேரடியாக மானியம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்து எச்சரிக்கை. 2012 நவம்பரில் அங்கே மரத்துண்டு கொதிகலன்களுக்கு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். எரித்த சூட்டுக்குத் தந்த பணம் எரிபொருள் விலையைவிட அதிகம், உச்சவரம்பும் இல்லை. எரிக்க எரிக்க லாபம். அந்தத் திட்டம் கிளப்பிய சர்ச்சையில் 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் விலக, ஆட்சி கவிழ்ந்து மூன்று ஆண்டுகள் அமையவே இல்லை. இங்கிலாந்தின் ஒரு நடவடிக்கை இதைவிடப் பயனுள்ளது. 2021 மே முதல் அங்கே 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. பணம் கொடுக்காமலே விறகின் தரத்தை உயர்த்திய சட்டம் அது. மும்பை வேறு வழியில் போனது. 2025 ஜனவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் மாறவேண்டும் என்றது.

சென்னைக்கு எது பொருந்தும்? தடை என்றால் கேஸ் வாங்க முடியாத சிறிய கடை முதலில் சாகும். மானியம் என்றால் புகைக்குப் பணம். இரண்டுக்கும் நடுவில் ஈரப்பத விதி இருக்கிறது. வணிகச் சமையற்கூடங்களுக்கும் எரியூட்டு இடங்களுக்கும் விற்கும் விறகு 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். விலையை உலர் எடைக்குக் கணக்கிடவேண்டும். அரசு அலுவலகமும் மாநகராட்சியும் கோயிலும் எங்கே விறகு வாங்கினாலும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் சந்தை அதன் பின்னால் வரும். அரசு செலவழிக்க விரும்பினால் கூரையுள்ள உலர்த்துகொட்டகைகளுக்குச் செலவழிக்கட்டும். சவுக்கு விளையும் ஊரிலேயே அவற்றைக் கட்டினால் தண்ணீரை லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவரும் டீசலும் மிச்சம். வர்தா புயல் 2016 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது சாலையோரங்களில் குவிந்த தூங்குமூஞ்சி, குல்மோகர் கட்டைகளுக்கும் அப்படி ஓரிடம் இருந்திருக்கவேண்டும்.

விதி இன்னொன்றையும் தடுக்கவேண்டும். இடித்த பழைய வீடுகளின் கதவு, சன்னல் சட்டம் பல கடைகளில் விறகாக வருகிறது. எலும்பாய் உலர்ந்திருக்கும், நன்றாக எரியும். அதன்மேல் பல தலைமுறை வண்ணப்பூச்சு இருக்கிறது. பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய மத்திய விதி 2017 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எரிந்தால் ஈயம் சாம்பலிலும் புகையிலும் போகும். காய்ந்தது என்பது மட்டும் போதாத இடம் இது.

கண்ணம்மாபேட்டையிலும் பெசன்ட் நகரிலும் எரிவாயுத் தகன மேடைகள் வந்துவிட்டன. பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். விறகுச் சிதை கேட்பவர்களின் நம்பிக்கையில் கைவைக்கவேண்டியதில்லை. ஒரு சிதைக்கு 400, 500 கிலோ ஆகிறது. அதை உலர்ந்த விறகாகத் தருவது துக்கத்தோடு நிற்பவர்களுக்கும், அருகில் குடியிருப்பவர்களுக்கும், அங்கேயே நாளெல்லாம் வேலைசெய்யும் வெட்டியாருக்கும் செய்யும் மரியாதை.

எஞ்சுவது கால்வாய்க் கரையிலும் நடைபாதையிலும் மூன்று கல் வைத்துச் சமைக்கும் குடும்பங்கள். விறகு விதி எதுவும் அவர்களைத் தொடாது, கிடைத்ததை எரிப்பார்கள். 2021 ஆகஸ்டில் வந்த உஜ்வலாவின் இரண்டாம் கட்டம் இடம்பெயர்ந்தவர்களுக்கு முகவரிச் சான்று இல்லாமல் சுய உறுதிமொழியே போதும் என்றது. 5 கிலோ சிறு சிலிண்டரும் சந்தையில் இருக்கிறது. ஆனால் வெளிச்சந்தை விலையில் வாங்கும்போது அதில் கிலோவுக்கு ஆகும் விலை, மாடிவீட்டுக்காரரின் பெரிய சிலிண்டரைவிட அதிகம். 300 ரூபாய் மானியத்தில் ஒரு பங்கை இந்தச் சிறு சிலிண்டரின் விலையிலேயே நேராகக் கழித்து, அட்டை கேட்காமல் ரேஷன் கடையில் மாற்றிக்கொள்ளும்படி செய்வது நாளையே தொடங்கக்கூடிய வேலை.